உறவினர் வரும்வரை

மாலை ஆறு மணிக்கு வேலூரில் வெப்பம் நாற்பத்தெட்டு டிகிரிக்கு இறங்கியதும், தயாபரன் வழக்கம்போல் வலது கன்னத்தைக் கண்ணாடிச் சுவரில் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பதினெட்டு டிகிரி. இந்தப் பக்கம் அவர். அவருக்குக் கிடைத்த குளிர் அவ்வளவுதான், ஒரு கன்னத்தளவு.

2161-இல் குளிர் ஒரு பங்கீட்டுப் பொருள். அறைக்கு ஒரு ஏ.சி. மாட்டி, வீட்டைக் குளிரவைத்து ஊரைக் கொதிக்கவைத்த காலமெல்லாம் முடிந்து, சட்டமே வந்துவிட்டது. உயிரோடு இருக்கிற மனிதன் எவனுக்கும் வீட்டில் குளிர் கிடையாது. விதிவிலக்கு இரண்டுக்குத்தான். அருகிவரும் விலங்குகளுக்கு, பிறகு பிணங்களுக்கு.

கண்ணாடிக்குப் பின்னால் மரத்துண்டு ஒன்றைக் கொறித்துக்கொண்டிருந்தது பிஞ்சி. சின்சில்லா. எலிக்குக் காதைப் பெரிதாக்கி, அணில் வால் ஒட்டி, சாம்பல் நிறப் பஞ்சில் புரட்டி எடுத்த மாதிரி இருக்கும். ஆண்டிஸ் மலை சூடேறியபோது மிஞ்சிய சின்சில்லாக்களை நாடுகள் வீடுவீடாகக் கொடுத்து வளர்க்கச் சொன்னன. ஒன்றுக்கு ஒரு குளிரறை. தயாபரனின் மகள் ஈவா பதினான்கு வயதில் அடம்பிடித்து வாங்கியது பிஞ்சி. இருபது வயதில் அவள் செவ்வாய்க்கு வேலைக்குப் போய்விட்டாள். ஆறு வருடமாயிற்று.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் மட்டும், அதுவும் பராமரிப்புக்காக, மனிதர் உள்ளே போகலாம். தயாபரன் கையை உலர்த்தவே பத்து நிமிடம் வெளியே நிற்பார். வியர்வை பட்டால் அந்த ரோமம் காயாது, பூஞ்சை பிடித்துவிடும். பிறகு உள்ளே போய் வைக்கோல் மாற்றி, கிண்ணத்தில் எரிமலைச் சாம்பலைக் கொட்டுவார். பிஞ்சி அதில் உருண்டு புரண்டு குளிக்கும். இருபதாவது நிமிடம் அவர் வெளியே வந்துவிடுவார். இருபத்தோராவது நிமிடம் அவருக்கும் ஆசையாகத்தான் இருக்கும்.

ஞாயிறுதோறும் செவ்வாயிலிருந்து நாற்பது நொடி ஒலிக்கடிதம் வரும். முதல் கேள்வி பிஞ்சி எப்படி இருக்கிறது என்பது. இரண்டாவது, அப்பா எப்படி இருக்கிறார் என்பது. மூன்றாவதாக, இந்த வருடமும் லீவு கிடைக்கவில்லை. “நான் வர்ற வரைக்கும் பிஞ்சியப் பாத்துக்கப்பா” என்று முடியும். பிஞ்சி இருக்கும்வரை அவள் வருவாள் என்று தயாபரன் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார்.

தெருவில் மற்றவர்கள் வேறு மாதிரி வாழ்ந்தார்கள். குளிரறைக்குள் குடும்பத்தோடு போர்வை போர்த்திக்கொண்டு படம் பார்த்தார்கள். சின்சில்லாவை ஹாலில் விட்டார்கள். ஒரே கோடையில் எல்லாம் செத்தன. பிறகு, குளிரறை பறிபோகாமலிருக்க, எதிர்வீட்டு முக்தார் பாய் இயந்திரச் சின்சில்லா செய்து கொடுத்தார். பொய்ச்சில்லா என்று பெயர். தத்தும், கொறிக்கும், தடவினால் கண்ணை மூடும். சாகாது. ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது அவர் கைவேலைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விலங்குத் துறை அதிகாரி வந்தார். கூண்டை வெளியே எடுத்து நாற்பத்தெட்டு டிகிரியில் வைத்தார். மூன்றாவது நிமிடம் பிஞ்சியின் காது சிவந்தது. ஐந்தாவது நிமிடம் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்கியது. தயாபரன் யாரையும் கேட்காமல் கூண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

அதிகாரி கைப்பலகையில் ‘பழுது’ என்று குறித்துக்கொண்டார். மாவட்டத்தில் நாலாயிரத்து நூறு சின்சில்லாக்களைச் சோதித்தாயிற்று, ஒன்றுகூட அசரவில்லை, இனமே வெயிலுக்குப் பழகிவிட்டது, மகத்தான வெற்றி, ஆகவே திங்கட்கிழமையோடு குளிரறைகள் நிறுத்தப்படுகின்றன என்று ஒப்பித்தார்.

“சார், அதெல்லாம் நெசமான சின்சில்லாவான்னு தொட்டுப் பாத்தீங்களா?”

அதிகாரி கைப்பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு சார். நல்லாவே தாங்குது.”

தயாபரன் அப்படியே எதிர்வீட்டுக்குப் போனார். ஒரே ஒருத்தர் உண்மையைச் சொன்னால் போதும், பிஞ்சி பிழைக்கும் என்று முக்தாரிடம் மன்றாடினார். தான் வாய் திறந்தால் ஊரே கம்பி எண்ண வேண்டும் என்றார் முக்தார். அச்சு அசலாகப் பிஞ்சி மாதிரியே ஒன்று செய்து தருவதாகவும் சொன்னார்.

“ஈவா வந்து தூக்கினா தெரிஞ்சிடும் பாய்.”

“வந்தாத்தானே அண்ணே?”

சொன்ன பிறகுதான் முக்தாருக்கு உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார். ஹாலில் ஒரு பொய்ச்சில்லா தத்தித் தத்திப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பியது.

“உயிரோட இருக்கறவனுக்கு வழியில்ல,” என்றார் தயாபரன் மெதுவாக. “செத்தவனுக்கு இருக்கு.”

முக்தார் நிமிர்ந்து பார்த்தார்.

ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு நாடிச்சில்லு உண்டு. அதில் நாடி நின்றால் மரணம் தானாகவே பதிவாகி, உறவினருக்குச் செய்தி போகும். பொய்ச்சில்லா செய்கிற விரல்களுக்கு அதை எடுப்பது முள் எடுப்பதைப் போல. ஞாயிறு காலை முக்தார் எடுத்தார். பிளாஸ்திரி ஒட்டும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

“என்னத்துக்குப் பாய் அழற? நான்தான் இருக்கேனே.”

“மவுத்துன்னு பதிஞ்சிடிச்சே அண்ணே, மனசு கேக்கல.”

ஒரு மணி நேரத்தில் ஐஸ் பெட்டி வந்துவிட்டது, கூடவே அரசாங்க மாலை ஒன்று. உயிரோடு இருந்தவரை ஒரு மின்விசிறிக்கு மூன்று மாதம் அலையவிட்ட ஊர் அது. கொண்டுவந்த இயந்திரன், உடல் எங்கே என்று கேட்கவில்லை. எத்தனை நாள் வேண்டும் என்று மட்டும் கேட்டது. தயாபரன் கதவுக்குப் பின்னால் நிற்க, முக்தார் படிவத்தில் ‘உறவினர் வரும்வரை’ என்ற கட்டத்தைத் தொட்டார். யார், எங்கிருந்து? மகள், செவ்வாயிலிருந்து. இயந்திரன் தலையசைத்தது. அதற்கு இது தினப்படி சங்கதி.

பெட்டியைப் பதினெட்டு டிகிரிக்கு ஏற்றி, மூடியில் காற்றுக்கு வழி செய்து, வைக்கோல் பரப்பிப் பிஞ்சியை இறக்கினார்கள். கால்மாட்டில் சாம்பல் கிண்ணம். தலைமாட்டில் மரத்துண்டு. சற்று நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, பிஞ்சி கிண்ணத்தில் உருண்டது.

மாலையில் செவ்வாயிலிருந்து ஒலிக்கடிதம் வந்தது, ‘இறந்தவர் இல்லம்’ என்ற முகவரிக்கு. நாற்பது நொடி அல்ல, நாலு நிமிடம். அதில் பாதி அழுகை. விண்ணப்பித்த பத்தாவது நிமிடம் லீவு கிடைத்துவிட்டதாம். தந்தை மரணத்துக்கு என்று தனி இருக்கையே வைத்திருக்கிறார்களாம். வியாழக்கிழமை கப்பல், ஏழு மாதப் பயணம். “யாரும் அப்பாவ எடுத்துடாதீங்க. நான் வந்துடறேன். அப்பா கடைசியா என்ன கேட்டாரு? சாப்பிட்டாரா?”

தயாபரன் அதை மூன்று தடவை கேட்டார். பிஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முக்தாருக்குத் தாங்கவில்லை. “புள்ள கதறுது அண்ணே. நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடலாமே?”

தயாபரன் வலது கன்னத்தை ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“வேணாம் பாய். சொன்னா, லீவ கேன்சல் பண்ணிடுவா.”