செத்த சூட்டோடு...

உங்கள் தம்பி செத்துக் கிடக்கும்போது, அவன் மூளையை ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மதலேனம்மாள், "முடியாது" என்றாள்.

1976. இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரி. கட்டிலில் அவள் தம்பி பவுல்ராஜ். விடியற்காலையில் உயிர் போயிருந்தது.

எதிரே எஸ்டேட் டாக்டர் விசுவம். அவர் காலடியில் ஐஸ் நிரப்பிய தகரப் பெட்டி!

"புரிஞ்சுக்கோம்மா. உன் தம்பிக்கு ஸ்கிசோப்ரினியா, மனச்சிதைவு. மூளைக்குள்ள வெள்ளையா, நார் நாரா ஒரு பகுதி இருக்கு. போன் கம்பி மாதிரி. கோளாறு அங்கதான்னு நான் சொல்றேன். ஒருத்தனும் நம்பல. நிரூபிக்கணும்."

"நிரூபிச்சா இவன் எந்திரிச்சிருவானா?"

"நாளைக்கு வேற ஒருத்தன் பொழைப்பான். செத்த சூட்டோட எடுத்து ஐஸ்ல வெக்கணும். லேட்டானா அதுல இருக்கிற ரசாயனம் மாறிடும்."

"உசுரோட இருக்கையில அவன் என்ன பேசுதான்னு ஒரு நாளு கேட்டீங்களா? இப்ப தலை வேணுமாக்கும். முழுசாத்தான் குழியில வெப்பேன்."

"உன்கிட்ட கேக்கணும்னே இல்ல."

"அப்ப என்னயத் தாண்டிப் போங்க."

வெளியே ஜீப் சத்தம்...

டாக்டர் ஆள் அனுப்பி அழைத்த ஏட்டு நல்லமுத்து உள்ளே வந்தார். பின்னாலேயே மீன்காரர் அமிர்தநாதன். துக்கம் கேட்க வந்தவர்.

"இந்தப் பொம்பளைய வெளிய கூட்டிட்டுப் போங்க ஏட்டு," என்றார் டாக்டர்.

அமிர்தநாதன் பெட்டியையே பார்த்தார்.

"ஐஸு இன்னும் கரையலையா டாக்டரய்யா? உமி நல்லா போட்டிருக்கீங்க."

"எந்த ஐஸு?" என்றார் ஏட்டு.

"நேத்து நம்ம மீன் லாரியில ஐயாவுக்கு வந்தது. சைவக்காரரு எதுக்குக் கேக்காருன்னு அப்பவே யோசிச்சேன்."

மதலேனம்மாள் மெல்ல நிமிர்ந்தாள்.

"நேத்தா? நேத்து பொழுதடைய இவன் கஞ்சி குடிச்சிட்டு எங்கூடச் சிரிச்சுப் பேசுனானே..."

"அ... அது காய்ச்சல்காரங்களுக்கு," என்றார் டாக்டர்.

"எந்தக் காய்ச்சல்காரன்? நேத்து இங்க படுத்திருந்தது எந்தம்பி ஒருத்தன்தான். அவனுக்குக் காய்ச்சலே இல்ல."

ஏட்டு டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் கதவைப் பார்த்தார்.

"ஏட்டய்யா, இப்ப நானே சொல்லுதேன். தலையில இருந்து கால் வரைக்கும் அறுத்துப் பாருங்க. இந்தாளு கை மட்டும் படக் கூடாது."

மறுநாள் காலை வெளியூர் டாக்டர் ஒருவர் அறுத்துப் பார்த்தார். தொடையில் புதிய ஊசித் தடம். எஸ்டேட் டாக்டர் மேஜைக்கடியில் காலி மயக்க மருந்துக் குப்பிகள். மூளையை எடுத்த இடத்திலேயே வைத்துத் தைத்தார்கள். பவுல்ராஜை அடக்கம் செய்தார்கள்.

டாக்டர் விசுவம் வரவில்லை. ஸ்டேஷனில் அவருக்கு வேலை இருந்தது.