ஃப்ரீசரில் வைத்த டிஸ்க்

வீரபாண்டி ஸ்டுடியோவுக்கு வேல்குமார் வந்து இறங்கியபோது சித்திரை மாதத்து உச்சிவெயில். பேய் பிசாசில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவனுக்குக் கரண்ட் கட்டை விடப் பெரிய பேய் ஏது? 2008இல் அந்தப் பேய் தினமும் வந்துபோனது.

ஸ்டுடியோவின் வீடியோக்களெல்லாம் நாலு டிஸ்க் கோத்த ஒரு பெட்டியில் இருந்தன. ஒரு டிஸ்க் செத்தால் மற்ற மூன்றும் தாங்கிக்கொள்ளும். இங்கே இரண்டு படுத்துவிட்டன. ஒன்றுக்கு உயிரே இல்லை. இன்னொன்றில் அங்கங்கே பழுது. அதைக் கெஞ்சிக் கூத்தாடியாவது நகலெடுத்தாக வேண்டும்.

முத்தாத்தாள் காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் ஜெயபாரதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். கம்பெனி ஆயுத பூஜையில் அவள் பாடியதை ஸ்டுடியோக்காரர் படம்பிடித்திருந்தார். தை மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் குரல் வேறெங்கும் இல்லை.

"பாட்டு மட்டும் கெடைச்சாப் போதுங் கண்ணு. குரலு மறந்து போயிருமோன்னு பயமா இருக்குது."

பெற்ற வயிறு. வேல்குமார் பழுதான டிஸ்க்கைக் கையிலெடுத்தான்.

சூடேறினால் அந்த டிஸ்க் 'டக், டக்' என்று அடித்துக்கொண்டு நின்றுவிடும். அதனால் பாலித்தீன் கவரில் சுற்றி, ஸ்டுடியோ மூலையில் இருந்த கூல்டிரிங்ஸ் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசருக்குள் வைத்தான். ஜில்லென்று எடுத்து மாட்டினால் பத்து நிமிடம் ஓடும். தொழிலில் எல்லோரும் செய்கிற கைவைத்தியம்தான்.

முத்தாத்தாள் ஃப்ரீசர் கதவையே பார்த்தாள். "அண்ணங்காரன் துபாய்ல இருந்து வர்ற வரைக்கும் அவளையும் ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில வெச்சிருந்தோம். ஃபேன் போட்டாலே போர்வை கேக்கற புள்ளை."

இரண்டு தடவை வைத்து எடுத்ததில் பன்னிரண்டு நொடிப் படம் தேறியது. ஜெயபாரதி மேடையேறி, மைக்கைப் பிடித்து, வாயைத் திறக்கிறாள். அத்தோடு திரை கறுத்தது. பாட்டு முழுக்கப் பழுதான பகுதியில் இருந்தது.

மூன்றாம் தடவை டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பற்கள் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா..."

அவன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான்.

குரல் நிற்கவில்லை.

"அம்மா, குளுருதும்மா."

முத்தாத்தாள் எழுந்துவிட்டாள். "வெளிய எடு கண்ணு! புள்ளைக்குக் குளுருது!"

"இப்பவே வெளிய எடுத்துச் சூடேறுனா அவ்வளவுதானுங்கம்மா. பாட்டு வராதுங்க."

அவள் ஒரு கணம் கறுத்த திரையைப் பார்த்தாள். பாவம், அதற்காகத்தானே விடிந்ததும் விடியாததுமாக வந்து காத்துக் கிடந்தாள்.

"பாட்டு கெடக்குது, போ!"

அவளே கதவைத் திறந்தாள். கவரைக் கிழித்து டிஸ்க்கை எடுத்து, முந்தானையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டாள். "அன்னைக்கே உன்ற மேல ஒரு போர்வையைப் போத்தியிருக்கோணும். ஊர் என்ன சொல்லுமோன்னு பேசாம நின்னுட்டனே, என்ற தங்கம்..."

குரல் அடங்கியது.

கவர் கிழிந்து ஈரம் பூத்த டிஸ்க் இனிப் பிழைக்காது என்று வேல்குமாருக்குத் தெரியும். "ஒரு டப்பாவுல போட்டுத் தர்றனுங்கம்மா" என்று கையை நீட்டினான்.

முந்தானைக்குள் விரல் பட்டது. ஃப்ரீசரிலிருந்து வந்த அந்த இரும்பு, குழந்தையின் உடம்புச் சூட்டோடு கதகதவென்று இருந்தது. வயர் எதுவும் இல்லாமலே, உள்ளே ஏதோ சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மெதுவாப் பேசு கண்ணு," என்றாள் முத்தாத்தாள். "இப்பத்தான் தூங்கறா."