பருத்திச் செடிக்குள் மழைக்கோட்டுப் பிணம்

டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் கல்யாணராமன் அப்போதுதான் தயிர்சாதத்தில் முதல் கவளத்தை உருட்டியிருந்தார். இந்த மாதிரிக் கதைகளில் எந்தப் போலீஸ்காரருக்கும் முழுச் சாப்பாடு கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. இவருக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்?

இடது கையால் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷன்."

"ஐயா... பொணங்கய்யா!"

"எங்கேய்யா?"

"நல்லகாமன் தோட்டத்துலங்கய்யா! பருத்திச் செடிக்குள்ள... மழைக்கோட்டுப் போட்டுக்கிட்டுக் கெடக்கு!"

கல்யாணராமன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சித்திரை மாதத்து உச்சி வெயில். உசிலம்பட்டி ரோட்டில் தார் இளகிக் கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மழை பெய்ததை யாரும் சமீபத்தில் பார்த்ததில்லை.

"மழைக்கோட்டா?"

"ஆமாங்கய்யா! கண்ணாடி கூடப் போட்டிருக்கு!"

லைன் கட்டானது.

கல்யாணராமனின் மனசு துள்ளியது. வெட்கக்கேடுதான். ஆனாலும் துள்ளியது. மதுரை டவுனிலிருந்து மாற்றலாகி இங்கே வந்ததிலிருந்து அவருக்கு வாய்த்ததெல்லாம் ஆடு திருட்டு, வரப்புச் சண்டை, சைக்கிள் டைனமோ திருட்டு. ஒரே ஒரு கொலை... அதுவும் கொஞ்சம் மர்மமாக... கிடைக்காதா என்று மீனாட்சியம்மன் சந்நிதியிலேயே வேண்டிக் கொண்டவர் அவர்.

(இதை எழுதுகிற எனக்கும் அதே வேண்டுதல்தான். முதல் பக்கத்தில் பிணம் இல்லாவிட்டால் என் பதிப்பாளர் எனக்குக் காப்பி கூட வாங்கித் தருவதில்லை.)

"பேயாண்டி! ஜீப்பை எடு!"

ஏட்டு பேயாண்டி எட்டிப் பார்த்தார்.

"எடுக்கிறேன்யா. நீங்க மொதல்ல கையைக் கழுவுங்க."

---

நல்லகாமனின் தோட்டத்து வரப்பில் ஊரே நின்றது.

கிணற்றுப் பாசனத்துப் பருத்தி. செடி இடுப்பு உயரத்துக்குப் பூவும் பிஞ்சுமாக நின்றது. தோட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் வேலி மாதிரி ஆமணக்குச் செடிகள்.

நடுவில்... குப்புறக் கிடந்தார் அவர்!

முழங்கால் வரை கறுப்பு ரப்பர் கோட்டு. மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற கண்ணாடி. வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிய துண்டு. முதுகில் மருந்தடிக்கிற டேங்க்.

கல்யாணராமன் அவரைப் புரட்டித் துண்டை அவிழ்த்தார். திடுக்கிட்டார்.

"வெள்ளைத்துரை!"

உசிலம்பட்டியில் பூச்சி மருந்துக் கடை வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்தில் எந்தச் செடியில் எந்தப் பூச்சி விழுந்தாலும் மருந்து அவர் கடையில்தான்.

வாயிலிருந்து குப்பென்று மருந்து வாடை அடித்தது.

"விஷம்!" என்றார் கல்யாணராமன், ரொம்பக் கம்பீரமாக.

இந்த இடத்தில் ஒரு மின்னல் வெட்டியிருந்தால் நன்றாக இருக்கும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கூட இல்லை. என் ராசி அப்படி.

பேயாண்டி குனிந்து மூக்கருகே விரலை வைத்தார்.

"ஐயா..."

"என்ன?"

"மூச்சு இருக்குய்யா!"

கல்யாணராமனின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் தலைப்பு ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதால் அதை இனி மாற்றுவதற்கில்லை.

"தூக்குய்யா! ஜீப்புல ஏத்து! ஆஸ்பத்திரிக்கு ஓடு!"

ஜீப் புழுதி கிளப்பிக் கொண்டு பறந்தது. கொலை இல்லாவிட்டால் கொலை முயற்சி. கல்யாணராமன் தன்னைத் தேற்றிக் கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"யார் பண்ணினது இது?"

கருத்தக்கண்ணன் முன்னால் வந்தார். அடுத்த தோட்டத்துக்காரர்.

"வேற யாரு? நல்லகாமன்தேன்! ஊருக்கே தெரியும்யா!"

"என்ன தெரியும்?"

"நாங்க அம்புட்டுப் பேரும் வெள்ளைத்துரை அண்ணேகிட்ட மருந்து வாங்கி மூணு தடவை அடிச்சிட்டோம். புழு சாகல. பருத்தி பூராம் போச்சு. எப்புடிச் சாகும்? இந்த ஆளு மருந்தே அடிக்க மாட்டேங்குறான். ஆமணக்கு வச்சுப் புழுவ வளக்குறான். அது ராவோட ராவா எங்க தோட்டத்துக்கு வருது!"

"யாரு சொன்னா அப்படின்னு?"

"வெள்ளைத்துரை அண்ணேதேன் சொன்னாரு. அதேன் நேத்து ஊர்க்கூட்டம் போட்டோம். நல்லகாமன் மருந்தடிச்சே ஆகணும்னு முடிவு. அண்ணே தானே வந்து இனாமா அடிச்சுத் தாரேன்னாரு. வந்தாரு. பாதித் தோட்டம் அடிச்சாரு... சாஞ்சுட்டாரு!"

கல்யாணராமன் ஆமணக்குச் செடியின் பக்கம் போனார். இலையெல்லாம் சல்லடையாகக் கிடந்தது. ஒவ்வொரு இலையின் அடியிலும் கொழுத்த புழுக்கள். அவர் இரண்டடி பின்வாங்கினார். அவருக்குத் திருடனிடம் பயம் கிடையாது. புழுவிடம் உண்டு.

"யோவ் நல்லகாமன்! இதுக்கு என்ன சொல்றே?"

நல்லகாமன் வெளிறிப் போய் நின்றான்.

"ஐயா, உள்ள பருத்தியப் பாருங்க. ஒரு எலையில ஓட்டை இருக்கா? புழுவுக்கு ஆமணக்குன்னா உசுரு. அதுல போயி அடையும். நாங்க காலையில பொறுக்கி மண்ணெண்ணெய்ச் சட்டியில போட்டுருவோம். மிச்சத்துக்கு வேப்பங்கொட்டைய இடிச்சு ஊறவச்சுத் தெளிக்கிறது. ஒத்தக்கடை விவசாயக் காலேஜ் கண்காட்சியில சொன்னாங்க. நா என்னத்தக் கண்டேன்? சும்மா செஞ்சு பாப்பமேன்னு செஞ்சேன்."

கல்யாணராமன் உள்ளே பார்த்தார். பருத்தி இலைகள் பச்சைப் பசேலென்று முழுசாக இருந்தன. புழு வளர்க்கிறான் என்று ஊரே சொன்ன தோட்டத்தில் புழுவெல்லாம் வேலியிலேயே விருந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தது.

"அப்போ வெள்ளைத்துரைக்கு விஷம் கொடுத்தது யாரு?"

"நான்தேன்யா."

குரல் பின்னாலிருந்து வந்தது.

ஜெயக்கொடி! நல்லகாமனின் மனைவி. கையில் வெறும் செம்பு. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"நடுவுல தவிக்குதுன்னு மோர் கேட்டாரு. வீட்டு வாசல்ல அவரு மருந்துப் பாட்டில் நின்னுச்சு. அதுல பாதிய மோருல ஊத்திக் குடுத்தேன். ஒரே மடக்குல குடிச்சிட்டாரு. மேலெல்லாம் அந்த வாடை. மோருல அடிக்கிறது மட்டும் தனியாவா தெரியப் போகுது?"

கூட்டம் "ஆ...!" என்றது.

"பொய்யிங்கய்யா!" நல்லகாமன் பாய்ந்து வந்தான். "ஊத்துனது நான்! இவளுக்கு ஒண்ணுந் தெரியாது!"

"நீங்க தோட்டத்துல நின்னீக! நான்தேன் ஊத்துனேன்!"

"வாய மூடு புள்ள! ஐயா, என்னையப் புடிங்க!"

"என்னையப் புடிங்கய்யா!"

கல்யாணராமன் திக்குமுக்காடிப் போனார். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு குற்றவாளி கூட அவரிடம் தானாக ஒத்துக் கொண்டதில்லை. இன்றைக்கு இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். விலங்கோ ஒன்றுதான் இருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?"

ஜெயக்கொடி மண்ணில் உட்கார்ந்து விட்டாள்.

"இந்த மண்ணு செத்துக் கெடந்துச்சுய்யா. கொத்துனா கல்லு மாதிரி. ஆட்டுக்கெடை போட்டு, எரு சொமந்து, கொழிஞ்சித் தழைய உரமா மடக்கி உழுது... இப்பத்தேன் ஒரு கொத்துக் கொத்துனா மண்புழு நெளியுது. பொறிவண்டு வருது. இவரு அடிக்கிற மருந்துல அம்புட்டும் ஒரே நாள்ல போயிரும்னாக. கெஞ்சுனேன். சிரிச்சாரு. எனக்கு ஆத்திரம் கண்ணை மறைச்சிருச்சு."

அவள் தேம்பினாள்.

"அந்தாளு செத்துருவாராய்யா? அவருக்கும் பொண்டாட்டி புள்ளைக இருக்குமே..."

அவள் தப்பு செய்திருந்தாள், அது அவளுக்கே தெரிந்திருந்தது. கல்யாணராமனுக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. தயிர்சாதம் இல்லை. அதுதான் சாப்பிடவே இல்லையே!

---

ஆஸ்பத்திரி.

டாக்டர் சாவித்ரி ஊசியைத் தயாராக வைத்திருந்தார். கட்டிலில் ரப்பர் கோட்டு உருவப்பட்ட வெள்ளைத்துரை. பக்கத்தில் கல்யாணராமன். வாசலில் பேயாண்டியின் காவலில் நல்லகாமனும் ஜெயக்கொடியும். அவர்களுக்குப் பின்னால் லாரி பிடித்து வந்துவிட்ட ஊர்.

"பிழைப்பானா டாக்டர்?"

"அதுதான் குழப்பமா இருக்கு இன்ஸ்பெக்டர். பூச்சி மருந்து உள்ளே போனா கண்மணி சுருங்கும். வாயில எச்சில் ஊத்தும். உடம்பு வெட்டி இழுக்கும். இவருக்கு ஒண்ணுமே இல்லை. உடம்பு மட்டும் கொதிக்குது."

"அப்போ?"

"பாதிப் பாட்டில் குடிச்சிருக்கார்னு அந்தம்மாவே சொல்றாங்களே. ரிஸ்க் எடுக்க முடியாது. முறிவு மருந்தைப் போட்டுட வேண்டியதுதான்."

வெள்ளைத்துரை கண்ணைத் திறந்தார்!

"எ... என்ன பாட்டில்?"

"உங்க மருந்துதான்யா!" என்றார் கல்யாணராமன். "மோர்ல கலந்து குடுத்துட்டாங்க. கவலைப்படாதீங்க. கொடுத்தவங்களைப் பிடிச்சாச்சு."

"என் மருந்தா? என் கடை மருந்தா?"

"ஆமாய்யா!"

வெள்ளைத்துரையின் முகத்தில் பயம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

நிம்மதி வந்தது!

"அம்புட்டுத்தானா..." என்று தலையணையில் சாய்ந்தார். பிறகு சட்டென்று நாக்கைக் கடித்துக் கொண்டு முனகினார். "ஐயோ... வயிறு எரியுதே... அந்தப் பொம்பளைய விடாதீங்கய்யா!"

டாக்டர் சாவித்ரி அவரையே பார்த்தார். பிறகு ஊசியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதைப் போட்டுட்டா சரியாயிடும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உள்ளே விஷம் இருந்தா இந்த ஊசி உயிரைக் காப்பாத்தும். விஷமே இல்லாத உடம்புல இவ்வளவு ஏத்தினா... இதயம் தறிகெட்டு ஓடும். பிழைக்கிறது கஷ்டம்."

வெள்ளைத்துரையின் முனகல் நின்றது.

"கையை நீட்டுங்க."

"டாக்டரம்மா... ஒரு நிமிஷம்..."

"நிமிஷமெல்லாம் கிடையாது. விஷம் ஏறிட்டிருக்கு. நர்ஸ், இவரை அமுக்கிப் பிடிங்க!"

ஊசி தோளை நெருங்கியது...

நெருங்கியது...

"வேணாம்ம்ம்!"

அந்த அலறல் ரோட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"வெசம் இல்லம்மா! அதுல வெசமே இல்ல! சாக்பீஸ் பொடியக் கரைச்சு, வாடைக்கு ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு நான்தேன் பழைய பாட்டில்ல அடைச்சேன்! ஊசி மட்டும் வேணாம்!"

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

கல்யாணராமன் மெதுவாகக் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் வித்தது?"

"அதேதேன்யா."

"அப்புறம் ஏன்யா மயங்கி விழுந்தே?"

டாக்டரே பதில் சொன்னார். "சித்திரை வெயில்ல ரப்பர் கோட்டைப் போட்டுக்கிட்டு, மூக்கையும் கட்டிக்கிட்டு டேங்கைச் சுமந்தா யானையே விழுந்துடும் இன்ஸ்பெக்டர்."

"ஏன்யா, உள்ளே இருந்தது சாக்பீஸ் தண்ணின்னு உனக்குத் தெரியும். அதுக்கு எதுக்குய்யா கோட்டு?"

வெள்ளைத்துரை பரிதாபமாகப் பார்த்தார்.

"சும்மா வேட்டி பனியனோட அடிச்சா மருந்துல காரம் இருக்குன்னு எவன்யா நம்புவான்?"

கல்யாணராமன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கொலை போயிற்று. கொலை முயற்சியும் போயிற்று. துப்பறிந்தது அவர் இல்லை, ஒரு ஊசி. நாளைக்கு டி.எஸ்.பி. கேட்டால், கைது செய்யப்பட வேண்டியவனை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, விட்டுவிட வேண்டியவர்களை மிரட்டிக் கொண்டிருந்தேன் என்றா சொல்ல முடியும்?

ஆனாலும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

"வெள்ளைத்துரை! ஜெயக்கொடி மேல புகார் எழுதிக் குடுக்கிறியா? மோர்ல விஷம் வச்சான்னு?"

"குடுக்கிறேன்யா!"

"தாராளமாக் குடு. விஷம்னு நீ எழுதினா டாக்டரம்மா ஊசி போட்டாகணும்."

"...வேணாங்கய்யா."

"அப்போ என்னன்னு எழுதட்டும்?"

"மோர் குடுத்தாக... குடிச்சேன்... நல்லா இருந்துச்சு."

வாசலில் ஜெயக்கொடி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கொண்டு அழுதாள். அழுது கொண்டே சிரித்தாள்.

"சாக்பீஸ் தண்ணிக்காய்யா நான் ஜெயிலுக்குப் போகப் பாத்தேன்!"

"நானும்தானே போகப் பாத்தேன்," என்றான் நல்லகாமன். அவள் கையை அவன் விடவே இல்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் கூட அவனுக்கு அப்போது இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

"அப்ப நம்ம மண்ணுல இருக்குற மண்புழு அம்புட்டும்..."

"உசுரோடதேன் இருக்கு புள்ள."

கருத்தக்கண்ணன் ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கேட்டதை அப்படியே ஊருக்குச் சொன்னார். ஊர் உறுமியது. யாரோ வேட்டியை மடித்துக் கட்டினார். யாரோ செருப்பைக் கழற்றினார். மூன்று தடவை மருந்தடித்து, மொத்தப் பருத்தியும் பறிகொடுத்த ஊர் அது.

வெள்ளைத்துரை கட்டிலிலிருந்து குதித்து இன்ஸ்பெக்டரின் பின்னால் ஒளிந்தார்.

"ஐயா! என்னையக் கொன்னுருவாங்கய்யா! ஜெயிலுக்கு வேணும்னாலும் வாரேன், பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போங்கய்யா!"

கல்யாணராமன் அவர் கையில் விலங்கை மாட்டினார். முன்வாசலைக் காட்டினார்.

"பயப்படாம வாய்யா! மூணு தடவை முயற்சி பண்ணியும் ஒரு புழுவைக்கூடக் கொல்ல முடியாத ஜனங்க... உன்னை மட்டும் என்ன பண்ணிடப் போறாங்க?"