மைக் மட்டும் நல்லாயிருக்கும்

ரெக்கார்டிங்கில் வளையல் சத்தம் கேட்டது.

அன்னமேரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே நவம்பர் மழை சன்ஷேடில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், மைன்ஸ் பக்கமிருந்து, கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல் ஓயாமல் வந்துகொண்டிருக்க, நனைந்த பழுப்பு நிலக்கரி புகையும் நெடி ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து பாத்திரங்களின்மேல் ஈரமாகப் படிந்தது. பதிவில் இருந்தது நேற்று வாங்கிய அடி. மைக்கேலின் மூச்சு. இடுப்பு பெல்ட் காற்றைக் கிழிக்கும் ஒலி. அது அவள் முதுகில் விழும் ஒலி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால், யாரோ கையைத் தூக்கித் தடுப்பதுபோல், கண்ணாடி வளையல்கள் கலகலவென்று மோதிக்கொண்டன.

அவள் வளையல் போடுவதில்லை. போட்டிருந்ததையெல்லாம் கல்யாணமான புதிதிலேயே மைக்கேல் அவள் மணிக்கட்டோடு சேர்த்து நொறுக்கியிருந்தான்.

வடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பி ஆனந்த்ராஜ்தான் இந்த போனைக் கொடுத்தான். விலை மலிவான போன். கொடுக்கும்போதே நல்லதும் கெட்டதும் சொல்லிவிட்டான்.

"பேட்டரி ரெண்டு நாளு நிக்கும்க்கா, அத பத்தி கவலப்படாத. சவுண்டும் கணீர்னு இருக்கும். கேமராதான் வேஸ்ட்டு. இருட்டுல எடுத்தா வெறும் புள்ளி புள்ளியா தெரியும். கொஞ்சம் சூடாவும். டச்சு அப்பப்ப ஹேங் ஆயிடும்."

"நான் என்னாத்துக்கு கேக்கறேன்னு தெரியும்ல?"

ஆனந்த்ராஜ் அவள் கழுத்துத் தழும்பைப் பார்க்காமல் தலையாட்டினான். "மைக்கு நல்லாயிருக்கும்க்கா. எறும்பு நடந்தாகூட கேக்கும்."

அதுதான் அவளுக்கு வேண்டும். கேமரா நன்றாக இருந்தாலும் பயனில்லை. அடிப்பதற்கு முன் மைக்கேல் எப்போதும் லைட்டை அணைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கணீரென்று பாடுகிறவன், மைன்ஸில் பர்மனென்ட், யாரிடமும் அதிர்ந்து பேசாதவன். அவன் இப்படி அடிக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? அவன் அம்மா நம்பவில்லை. பங்குச் சாமியார்கூட, பொறுத்துப் போம்மா என்றார். ஆதாரத்தோடு மகளிர் காவல் நிலையம் போகலாம் என்று தம்பி சொன்னான். அதற்காகத்தான் நேற்று அரிசி டின்னுக்குப் பின்னால் போனை ஒளித்துவைத்தாள்.

மறுபடி ஓடவிட்டாள். தன் முனகலை அடையாளம் கண்டுகொண்டாள். அதன் அடியில், இன்னும் மெல்லிய, இளைய குரல் ஒன்று.

"போதுங்க. வுட்டுடுங்க. போதுங்க."

அவள் அடிபடும்போது வாயைத் திறப்பதே இல்லை.

எழுந்து, போனை அரிசி டின் பக்கத்தில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். பாப்பா அக்கா இந்த குவார்ட்டர்ஸ் பிளாக்கில் பல வருஷமாக இருப்பவள்.

"அக்கா, எனக்கு முன்னாடி இந்த வூட்டுல இருந்தாங்களே, அவரோட மொத சம்சாரம். அவங்க வளையல் போடுவாங்களா?"

பாப்பா அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "கிறிஸ்டினாவா? கை நெறைய போட்டுக்கினு இருக்கும் அந்தப் பொண்ணு. ஒரு நாளு காலைல பாத்தா ஆளக் காணோம். எவனோடவோ பூட்டாள்னு ஒன் வூட்டுக்காரருதான் சொன்னாரு."

"நீங்க பாத்தீங்களா, போனத?"

"சத்தம் கேட்டுச்சு." பாப்பா அக்கா குனிந்து மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். "என்னா ஏதுன்னு நாங்க கேக்கல, போ."

திரும்பி வந்தபோது வாசலில் மைக்கேலின் செருப்பு கிடந்தது. சாராய வாடை கூடம் முழுக்க நிரம்பியிருந்தது. அவன் அரிசி டின் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் போன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னயே ரெக்கார்டு பண்றியா?"

குரல் மெதுவாகத்தான் வந்தது. கதவைச் சாத்தி, லைட்டை அணைத்தான். மழை இருட்டு அறைக்குள் இறங்கியது. அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து, சமையல் மேடையின் விளிம்பில் முகத்தை மோதினான். மூக்கு முறிவது அவளுக்கே கேட்டது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. மறுபடி மோத அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

போனில் பெல்ட் விழும் ஒலி வந்தது.

மைக்கேல் 'ஹக்' என்றான்.

பிடி தளர்ந்தது. அவன் சட்டெனத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. போனில் அடுத்த அடி. அவன் கன்னம் காதுவரை கிழிந்தது. திரை வெளிச்சத்தில் அன்னமேரி அதைப் பார்த்தாள். தோல் பிளந்தது. உள்ளே பல் வெளுப்பாகத் தெரிந்தது.

அவன் திரையைக் குத்தினான். நிற்கவில்லை. ரத்தம் வழிந்த விரலால் தேய்த்தான். ஹேங். போனைச் சுவரில் எறிந்தான். கண்ணாடி விரிசல் விட்டது. சத்தம் மட்டும் கணீரென்று வந்தது.

அடுத்த அடி. முழங்கை பின்பக்கமாக மடிந்தது.

அடுத்தது. விலா எலும்புகள்.

அவன் விழுந்தான். தவழ்ந்தான்.

"அமத்துடி... அன்னமேரி... பேட்டரிய கழட்டு..."

அவள் போனை எடுத்தாள். கொதித்தது. பின்மூடியின் இடுக்கில் நகத்தை விட்டாள். லேசான பிளாஸ்டிக். ஒரு நெம்பு போதும்.

உள்ளேயிருந்து அந்தக் குரல் கெஞ்சியது. "போதுங்க. வுட்டுடுங்க."

அன்னமேரி நகத்தை எடுத்தாள். பக்கவாட்டுப் பட்டனைத் தடவிப் பார்த்து, சத்தத்தைக் கூட்டினாள்.

நேற்று அவன் ரொம்ப நேரம் அடித்திருந்தான். அவ்வளவும் ஓடியது. அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். தாடை கழன்றது. கண் ஒன்று போயிற்று. கடைசி அடிகளுக்கு அவன் உடம்பு அசையக்கூட இல்லை.

பதிவு முடிந்தது.

மழை. கன்வேயர். வேறொன்றும் இல்லை.

கதவு தட்டப்பட்டது.

"அன்னமேரி!" பாப்பா அக்காவின் குரல். "என்னா சத்தம் உள்ள? கதவத் தொற!"

அன்னமேரி வாயைத் திறந்தாள்.

அதற்குள் தரையிலிருந்து பதில் வந்தது. மைக்கேலின் தொங்கிய தாடைக்குள்ளிருந்து, மெல்லிய, இளைய, பணிவான குரல்.

"ஒண்ணுமில்லக்கா. பாத்திரம் வுழுந்துடுச்சு."

பாப்பா அக்கா, கதவோடு வாயை வைத்துப் பேசுவதுபோல், மிக மெதுவாகக் கேட்டாள்.

"கிறிஸ்டினா?"

உடைந்த கையை ஊன்றி அது எழுந்தது. தலை நெஞ்சின்மேல் தொங்கியது. இரண்டு கைகளையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய், இல்லாத நீளக் கூந்தலைப் பொறுமையாக வாரிக் கொண்டையாக முடிந்துகொண்டது.

பிறகு கதவைத் திறக்கப் போனது.