கம்பியின் மறுமுனை

காலை ஆறு மணிக்குத் தணிகாசலம் தொலைபேசியின் கைப்பிடியை மூன்று முறை சுற்றிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தார்.

"இன்னா அண்ணாச்சி, இருக்கீங்களா, பூட்டீங்களா?"

"இருக்கேன் சாப். மூக்கத்தான் காணும். ராத்திரி பனியில ஒடஞ்சு விழுந்துட்டு."

"நல்லா தேடுங்க. கம்பளிக்குள்ளதான் கெடக்கும்."

மறுமுனையில் வெயிலுமுத்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் கழித்து அடங்கியது. ஒரு வாரமாகவே அப்படித்தான்.

"மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன். ஒங்ககிட்ட பால் பவுடர் வந்துட்டா?"

"எங்க வருது? கடும் டீதான்."

"எங்காளு நேத்து ரெண்டு பாக்கெட்டு போட்டுட்டுப் போயிருக்கான். ஒங்க மிஷினு சும்மா இருந்தா நானே கொண்டாந்து தந்துருவேன்."

"சும்மா இருக்கறதுக்கா அத வச்சிக்கீறாங்க? சரி அண்ணாச்சி, சொல்லிடலாமா?"

"சொல்லிருவோம் சாப்."

தணிகாசலம் ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரிலிருந்த சாம்பல் நிறப் பெட்டியின் பக்கம் திரும்பினார். அதன் பெயர் நடுவப்பொறி. தினமும் அது கேட்பது ஒரே கேள்வி. "எதிரில் மனிதக் குரலைக் கேட்டீர்களா?"

"கேட்டேன்."

ஆறு நிமிடம் கழித்துக் காவலறைக்கு வெளியே நான்கு சுடுபொறிகள் விழித்துக்கொண்டன. பனி போர்த்திய வெற்றுச் சரிவைப் பார்த்துக் குழல்களைத் திருப்பி நின்றன. நான்கு மாதமாக அவை சுட்டது இரண்டு நரிகளையும் காற்றில் பறந்த ஒரு தார்ப்பாயையும் மட்டுமே.

அந்தச் சரிவு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதுதான் போர். இரண்டு நாடுகளின் பெயரும் இருவர் வாயிலும் நுழையவில்லை. மேற்குக்காரன், கிழக்குக்காரன் என்று வைத்துக்கொண்டார்கள். வேலூர்ப் பக்கத்துத் தணிகாசலம் காலாட்படையில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். இப்போது மேற்குக்காரனுக்குக் காவல். நாங்குநேரிப் பக்கத்து வெயிலுமுத்து சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்தவர், கிழக்குக்காரனுக்குக் காவல். சுபேதாரை 'சாப்' என்று அழைக்கும் ராணுவ வழக்கத்தை அவர் விடவில்லை. தன்னைவிட மூன்று வயது மூத்தவரைத் தணிகாசலம் அண்ணாச்சி என்றார். இருவருக்கும் இடையே ஆயிரத்து நானூறு மீட்டர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் காரணம் மனிதக்குரல் உடன்படிக்கை. தன்னியக்க ஆயுதங்கள் வந்த முதல் பத்தாண்டுகளில், எதிரே ஆள் இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாமலே போர்கள் நடந்தன. பொறிகள் காலிப் பதுங்குகுழிகளையும் ஆள் நிறைந்த ஊர்களையும் ஒரே சீராக எரித்தன. பிறகு நாடுகள் உட்கார்ந்து பேசி விதி எழுதின. எதிரில் ஒரு மனிதன் இருக்கிறான், அவன் குரலை என் காதால் கேட்டேன் என்று இன்னொரு மனிதன் சொன்னாலொழிய எந்தப் பொறியும் அன்றைக்கு விழிக்கக் கூடாது. அப்படிச் சொல்பவருக்குக் குரல்சாட்சி என்று பெயர். சாட்சி சொன்ன சொல் சூரியன் மறையும்வரை மாறாது. கழுத்தில் கத்தி வைத்து மாற்றிவிடுவார்கள் என்ற பயம். எந்தப் பொறியும் குரல்களைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குரலைப் போலி செய்வதில் பொறிகளை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் வானொலியும் வேண்டாம், மொழிபெயர்ப்புச் செயலியும் வேண்டாம் என்று இரு முனைக்கும் நடுவே செம்புக் கம்பி இழுத்தார்கள். இரு சாட்சிகளும் ஒரே மொழிக்காரர்களாக இருக்கவேண்டும் என்றார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. சாட்சி, போரிடும் இரு நாட்டையும் சேராத முன்னாள் ராணுவத்தினராக இருக்கவேண்டும். சம்பளம் வாங்கக் கூடாது. வாங்கினால் அது கூலிப்படை. பயணச்சீட்டு, சாப்பாடு, முடிவில் ஒரு பதக்கம், அவ்வளவுதான். யாருக்கோ நடக்கும் போரில் இதற்காக யார் வந்து உட்காருவார்கள் என்று நிபுணர்கள் சந்தேகப்பட்டார்கள். தமிழ்ப் பட்டியலில் மட்டுமே நான்காயிரம் பேர் காத்திருந்தார்கள்.

தணிகாசலத்தின் மனைவி இறந்து நான்கு வருடம். மகள் கனடாவில். ஞாயிறுதோறும் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பா, முட்டிவலி எப்படி இருக்கு என்று அக்கறையாக விசாரிப்பாள். இரண்டு வருடம் போனபிறகுதான், பேசுவது மகளுடைய உதவிச் செயலி என்று அவருக்குத் தெரிந்தது. அவள் குரலை அது அப்படியே வைத்திருந்தது. கோபப்படாமல் அடுத்த ஞாயிறும் பேசினார். அதற்கடுத்த வாரம் குரல்சாட்சிப் படிவத்தை நிரப்பினார். வெயிலுமுத்து கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தவர்.

"அங்க காலையில நான் எந்திக்கலன்னா மத்தியானந்தான் தெரியும் சாப்," என்றார் ஒருமுறை. "இங்க பாருங்க, ஆறு மணிக்கே ஒரு நாடு பதறும்."

பதறத்தான் வேண்டும். ஆறு மணி, ஆறு பத்து, ஆறு இருபது என்று மூன்று அழைப்பு. மூன்றுக்கும் பதில் வராவிட்டால், "கேட்கவில்லை" என்று சாட்சி சொல்லவேண்டும். அன்று பொறிகள் விழிக்காது. எதிர்க் காவல் கைவிடப்பட்டதாகக் கணக்கு. சரிவு இந்தப் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும். போர் முடிந்துவிடும். இரு சாட்சிகளும் மறுவாரமே ஊர் திரும்பவேண்டும்.

"காச்சல்ல ஒருநா அசந்துட்டேன்னா பொட்டியில போட்டுக் குடுத்துராதீக," என்று வெயிலுமுத்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணாச்சி, ரோல் கால்ல லேட்டா வந்தவனுக்குக் கொரல் குடுத்தது இல்லியா நாம? பத்து வருசம் அதானே பண்ணோம்."

"நீங்க சுபேதாரு. பிடிச்சுக் குடுத்தவுகல்லா?"

"அது அப்பறம். மொதல்ல நானும் சிப்பாயிதான்."

மார்கழியில் ஒரு நாள் இரவு முழுக்கப் பனிப்புயல் அடித்தது. காலை ஆறு மணிக்குக் கைப்பிடியைச் சுற்றியபோது மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. தணிகாசலம் காத்திருந்தார். ஆறு பத்துக்கும் ரிசீவரில் ஓசை எதுவும் வரவில்லை. காய்ச்சல் முற்றியிருக்கும், ரிசீவரை எடுக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறார் என்று நினைத்தார். உயிரோடுதான் இருக்கவேண்டும். இறந்திருப்பார் என்று அவரால் நினைக்க முடியவில்லை.

ஆறு இருபதுக்கு மூன்றாவது அழைப்பு. அதற்கும் பதில் இல்லை.

"எதிரில் மனிதக் குரலைக் கேட்டீர்களா?"

இல்லை என்றால் அடுத்த புதன்கிழமை வேலூர். பூட்டிய வீடு. ஞாயிறு மாலை, மகளின் குரல். அண்ணாச்சிக்கு மாடி அறை. ஒருநாள் பொறி வெற்றுச் சரிவைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் யாருக்கு என்ன நட்டம்? நாளைக்கு இருமிக்கொண்டே திட்டப்போகிறார், அவ்வளவுதான்.

"கேட்டேன்," என்றார் தணிகாசலம்.

நான்கு நிமிடம் கழித்துத் தொலைபேசி மணி அடித்தது.

"சாப், நாந்தான்." மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார் வெயிலுமுத்து. "கம்பி அந்துபோச்சு. விடிய முன்னயே கம்பியத் தொட்டுப் புடிச்சுட்டு வந்து இப்பந்தான் முடிச்சுப் போட்டேன். பாதித் தூரம் வந்துட்டேன், கையில கொண்டாந்த டெஸ்ட் போன மாட்டி நடுவுல நின்னு பேசுதேன். பால் பவுடரும் கையோட இருக்கு. நல்ல நேரம், இன்னும் நீங்க..."

"படு! அண்ணாச்சி, படுத்துக்கோ, அப்பிடியே படு!"

"என்ன சாப்?"

"சொல்லிட்டேன் அண்ணாச்சி. கேட்டேன்னு சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு நிமிசந்தான் இருக்குது."

கம்பியில் காற்று மட்டும் இரைந்தது. எந்தக் காவலறைக்கும் எழுநூறு மீட்டர். முழங்கால் பனியில் அறுபத்தோரு வயதுக்காரர் இரண்டு நிமிடத்தில் ஓட முடியாத தூரம்.

"ஏங் கொரல் கேக்காமலா?"

தணிகாசலம் ரிசீவரை இரு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நான் பேசாம நீங்க சொல்ல மாட்டீகன்னுல்லா சாப் எறங்கி வந்தேன்," என்றார் வெயிலுமுத்து. குரலில் கோபம் இல்லை. ஒரு செய்தியைச் சரிபார்ப்பதுபோல் இருந்தது. பிறகு துணி உரசும் ஓசை. படுத்துவிட்டார்.

தணிகாசலம் சாம்பல் பெட்டியிடம் கத்தினார். "நான் பொய் சொன்னேன். எனக்குக் கேக்கல. நிறுத்து." சாட்சியம் பதிவாகிவிட்டது என்றது அது. மறுபடி கத்தினார். மறுபடியும் அதையே சொன்னது. வெளியே பொறிகள் விழிக்கும் சீறல் கேட்டது.

சுடுபொறி அசைவை மட்டுமே சுடும். அசையாமல் கிடப்பவர் காயம்பட்டவராகவோ சரணடைந்தவராகவோ இருக்கலாம் என்று விதியில் எழுதியிருந்தது. சூரியன் மறையப் பதினோரு மணி நேரம்.

"நான் வெளிய வந்து மிஷின ஒடச்சுடறேன் அண்ணாச்சி."

"வாசல் தாண்டுமுன்ன ஒங்களச் சுட்டுரும். போன வைக்காதீக. நீங்களும் போயிட்டா நான் யாருகிட்ட பேச?"

பேசினார்கள். பெரும்பாலும் தணிகாசலம்தான் பேசினார். வெயிலுமுத்து உதடு அசையாமல் ஒரு சொல், இரு சொல் சொன்னார். ஏன் சொன்னீக என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

"நீ ஊருக்குப் பூடுவியேன்னு."

"அட கிறுக்கு சாப்," என்றார் வெயிலுமுத்து. "ரோல் காலு..."

"ஆமா."

"சிரிக்க வைக்காதீக. அசையும்."

பத்து மணிவாக்கில் அவர் பல் தந்தியடிப்பது கம்பியில் கேட்டது. தணிகாசலம் வேலூர் வெயிலைப் பற்றிச் சொன்னார். அக்னி நட்சத்திரத்தில் தார்ச்சாலை செருப்போடு ஒட்டிக்கொண்டு வருவதைச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக மறுமுனையில் மூச்சு இழுபட்டது.

"இருமல் வருது சாப்."

"எச்சிய முழுங்கு. கையக் கடிச்சுக்க."

"முழுங்கிட்டேன். மறுபடி வருது."

"அண்ணாச்சி, அடக்கு. அடக்கிடு."

"முடியல."

சத்தம் முதலில் சுவருக்கு வெளியே கேட்டது. இரண்டு நொடி கழித்து அதே சத்தம் கம்பி வழியாகவும் வந்தது. அதன்பிறகு கம்பியில் காற்று.

சூரியன் மறையும்வரை அவர் ரிசீவரை வைக்கவில்லை. பொறிகள் உறங்கியதும் கம்பியைக் கையில் பிடித்தபடி எழுநூறு மீட்டர் நடந்தார். முதன்முறையாக அந்த முகத்தைப் பார்த்தார். நினைத்திருந்ததைவிடச் சிறிய முகம். குளிரில் சிவந்திருந்த மூக்கு.

மறுநாள் காலை நடுவப்பொறியிடம் "கேட்கவில்லை" என்றார். மேற்குக்காரன் வென்றான். பகலில் சாட்சியர் அலுவலகத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒரு பெண் பேசினாள். சென்னைப் பேச்சு. சின்ன வயதுக் குரல். வாழ்த்துச் சொன்னாள். பதக்கம் வீட்டுக்கே வரும் என்றாள்.

"அப்புறம் இன்னொரு விஷயம் சார். எதிர்முனைச் சாட்சி வெயிலுமுத்து இறந்துட்டார்னு பதிவாகியிருக்கு. யாருக்குத் தகவல் சொல்லணும்ங்கற இடத்துல முன்னாடி தம்பி பையன் பேரு இருந்துச்சு. போன மாசம் அவரே அத அடிச்சுட்டு உங்க பேர எழுதியிருக்கார். அதனால முறைப்படி உங்களுக்குத்தான் தெரிவிக்கணும்."

"ம்."

"தகவல் கிடைச்சுதுன்னு நீங்க வாயால சொல்லணும் சார். ரூல்."

"கெடச்சுது."

"தேங்க்ஸ் சார்." அவள் எதையோ தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. "உறவுமுறைங்கற இடத்த மட்டும் காலியா விட்டிருக்கார். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

தணிகாசலம் பக்கத்திலிருந்த கம்பித் தொலைபேசியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள்.