தண்ணீருக்குப் போட்ட கோடு

புதிதாக வெள்ளை அடித்த சுவரில், தரையிலிருந்து கணுக்கால் உயரத்தில், ஓர் ஈரக்கோடு ஓடியிருந்தது. காலையில் கூடத்தைப் பெருக்கக் குனிந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். ஓதம் ஏறிய சுவர் எப்படி இருக்கும் என்று இந்த வெள்ளத்துக்குப் பிறகு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது திட்டுத் திட்டாகப் பரவும், ஓரம் பிசிறடிக்கும், உப்புப் பூத்து உதிரும். இது அப்படி இல்லை. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடி, மூலையில் திரும்பி, படுக்கையறை வாசலைத் தாண்டி, அந்தப் பக்கத்துச் சுவரில் அதே உயரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தொட்டாள். சில்லென்றிருந்தது. விரலை முகர்ந்தபோது பெயிண்ட் வாசனைக்கு அடியிலிருந்து சேறும் சாக்கடையும் டீசலும் கலந்த அந்தப் பழைய நாற்றம் எழுந்து வந்தது.

பெயிண்டருக்குப் போன் போட்டாள்.

"நான் அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேம்மா" என்றார் அவர். "ஈரச் சுவத்துல பெயிண்ட் அடிக்கிறதும், குளிக்காதவன் சென்ட் அடிக்கிறதும் ஒண்ணுதான். காயட்டும்னேன். கேட்டீங்களா?"

கேட்கும் நிலையில் அவள் இல்லை. வெள்ளம் வடிந்ததும் கணவனின் அண்ணன் வீட்டில்தான் மூன்று பேரும் ஒண்டியிருந்தார்கள். ஒருநாள் சமையலறையைத் தாண்டும்போது ஓரகத்தி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஊர்ல வெள்ளமே வடிஞ்சிருச்சு. எங்க வீட்ல வந்த வெள்ளம்தான் இன்னும் வடியல." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு காதிலேயே நின்றது. மறுநாளே இவள் பெயிண்டரை வரச்சொல்லிவிட்டாள். சேறு வழித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, உப்பிய கதவை இழைத்து, ஊறிய மெத்தையைத் தெருவில் போட்டு, கை தோல் உரிந்த பிறகு குழந்தையோடு திரும்பினார்கள். இனி இந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை.

திரும்பிய அன்று குட்டி செருப்பைக் கழற்றக்கூட இல்லை. நேராகப் படுக்கையறைச் சுவரிடம் போய் நின்று வெள்ளையைத் தடவிப் பார்த்தது.

"ஸ்டாப் எங்கம்மா?"

வெள்ளம் வந்த அன்று கணவன் பஸ்ஸோடு டெப்போவில் மாட்டிக்கொண்டான். வீட்டுக்குள் அவளும் குட்டியும் மட்டும். உள்பக்கமாகத் திறக்கும் வாசல் கதவைத் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. கட்டில்மேல் மேஜையைப் போட்டு, அதன்மேல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குட்டி வீறிட்டு அழுதது. மிதந்து வந்த பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு சிவப்பு கிரேயானை எடுத்து, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே சுவரில் நீளமாக ஒரு கோடு போட்டாள். "இங்க பாரு. அப்பா ஸ்டாப் வந்தா பஸ்ஸ நிறுத்திருவார்ல? இது தண்ணிக்கு ஸ்டாப். இதைத் தாண்டி வராது." குழந்தையைச் சமாதானப்படுத்தச் சொன்ன பேச்சு. ஆனால் தண்ணீர் ஏறி வந்து, சிவப்பைத் தொட்டு, நின்றது. படகு வரும்வரை அங்கேயே நின்றது.

அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டி 'இதையும் அடிச்சிரலாமா?' என்று பெயிண்டர் கேட்டபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாத்தையும் அடிச்சிருங்க என்றாள்.

"அதான் தண்ணி போயிருச்சே, இனிமே எதுக்கு ஸ்டாப்?" என்றாள் குட்டியிடம்.

குட்டி யோசித்தது. "அப்ப எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியாதே."

ஈரக்கோட்டைப் பார்த்த மறுநாள் அது முழங்காலுக்கு ஏறியிருந்தது. சுவரில் மட்டும் என்றால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். திரைச்சீலையில் இருந்தது. கேஸ் சிலிண்டரில் இருந்தது. தண்ணீரை உறிஞ்சவே முடியாத இரும்பு பீரோவில், அதே உயரத்தில், வியர்வை போல நுண்ணிய துளிகள் வரிசை கட்டி நின்றன. ஆணியில் தொங்கிய கணவனின் காக்கிப் பேண்ட் முழங்காலுக்குக் கீழே நனைந்து கனத்திருந்தது. தரை மட்டும் காய்ந்து கிடந்தது. நடந்தால் காலில் சுண்ணாம்புத் தூள் ஒட்டும் அளவுக்குக் காய்ந்து கிடந்தது.

"சுவரு குடிச்ச தண்ணியைக் கக்குது. வேற ஒண்ணுமில்ல" என்றான் கணவன்.

"பீரோவும் குடிச்சுதாங்க?"

அவன் டூட்டிக்குக் கிளம்பச் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணன் வீட்டுக்கே போயிரலாம்ங்க."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? அவங்க பேசினதுக்குக் கிளம்பியே ஆகணும்னு நீதானே ஒத்தைக்கால்ல நின்னே." கொஞ்சம் தணிந்தான். "சாயங்காலம் வந்து ஒரு வழி பண்றேன். லாட்ஜுக்காவது போயிரலாம். துணிமணிய எடுத்து வை."

அவன் போனபிறகுதான் குட்டி நடப்பதைக் கவனித்தாள். கூடத்தின் குறுக்கே, கைகள் இரண்டையும் மார்புக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு காலாக மெல்ல எடுத்து, எதையோ தள்ளிக்கொண்டு வருவதுபோல வந்தது.

"என்ன விளையாட்டு இது?"

"விளையாடலம்மா. கனமா இருக்கு."

துணிப் பையைக் கட்டி வாசலுக்கு உள்பக்கம் ஓரமாக வைத்தாள். பகல் முழுக்கக் குழந்தையை வாசற்படியிலேயே உட்கார்த்திவைத்து, எதிர்வீட்டுத் தையல் மிஷின் ஓடும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பொழுதை ஓட்டினாள். வெயில் சாயும் நேரத்தில் மிஷின் நின்றது. தையல்கார அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். குட்டிக்குத் தூக்கம் சொக்கியது, மூச்சு இழுப்பும் லேசாக ஆரம்பித்திருந்தது. இழுப்பு மருந்து உள்ளே அலமாரியில். அதை எடுக்கத்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஒரே ஒரு நிமிஷம்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அறையவில்லை. மெதுவாக, ஒரு பெரிய உள்ளங்கை வைத்து அழுத்தியதுபோல.

வெள்ளத்தில் நனைந்த வயரிங் இன்னும் மாற்றவில்லை, வீட்டில் விளக்கில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு மங்கிக்கொண்டிருந்தது. கோடு அவள் இடுப்புக்கு வந்திருந்தது. இப்போது அது ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது.

கதவுப் பிடியைப் பற்றி இழுத்தாள். அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். அன்று இருந்த அதே கனம்.

"அக்கா! யாராவது வாங்களேன்!"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

போனில் கணவன். "வந்துக்கிட்டே இருக்கேன், தெருமுனைதான். என்ன ஆச்சு?"

"கதவு திறக்கலங்க. ஏறுதுங்க."

"எது?"

போன் கையிலிருந்து நழுவியது. விழவில்லை. அவள் இடுப்பருகே ஒருகணம் தங்கி, பிறகு மெல்ல அசைந்து அசைந்து இறங்கித் தரையைத் தொட்டது. சத்தமே இல்லை.

"அம்மா, ஸ்டாப் போடும்மா."

பள்ளிக்கூடப் பை. கிரேயான் டப்பா. சிவப்பு. கட்டிலில் ஏறி, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கோட்டுக்கு மேலே சுவரில் அழுத்தி இழுத்தாள். பிடிக்கவில்லை. புதுப் பெயிண்ட் நனைந்து வழவழத்திருந்தது. மெழுகு வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தாள். கிரேயான் ஒடிந்தது. நகத்தால் கீறினாள். வெள்ளை உரிந்து சுருண்டு வந்தது. அதற்குக் கீழே பழைய சிவப்பு தெரியும் என்று கீறினாள். தெரியவில்லை. தேய்த்ததும் அவள்தான், அடிக்கச் சொன்னதும் அவள்தான். சுண்ணாம்பு வந்தது. சேறு வந்தது. நகம் பிய்ந்தது. வந்த ரத்தத்தால் ஒரு கோடு இழுத்தாள்.

"இங்க நில்லு. இங்க நில்லு. உன் கால்ல விழறேன்."

ரத்தம் வழிந்து கரைந்தது. கோடு அதைக் கடந்தது.

மார்பு. தோள்.

மேஜையைக் கட்டிலில் ஏற்றி அதன்மேல் நின்றாள். குட்டியின் செருப்புகள் தரையை விட்டுக் கிளம்பி, காகிதக் கப்பல்கள் போல ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, காற்றில் மெல்லத் திரும்பின. துணிப் பை வாசலிலிருந்து எழும்பி வந்தது. புடவைத் தலைப்பு முகத்துக்கு முன்னால் விரிந்து அலைந்தது.

"அம்மா, மேல தூக்கு."

கழுத்து.

குழந்தையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். குட்டியின் தலை விட்டத்தை முட்டியது. இழுப்புச் சத்தம் மட்டும் மேலே கேட்டது. இன்னும் கேட்டது.

வெளியே கதவில் தோள் மோதும் சத்தம். "கதவுக்குப் பின்னாடி என்னடி வெச்சிருக்க? நகர மாட்டேங்குது!" பிறகு ஓடும் காலடிகள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே டார்ச் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. காய்ந்த தரை. அதில் அவள் காலடித் தடங்கள், சுண்ணாம்புத் தூளில், தெளிவாக. வெளிச்சம் கட்டிலில் ஏறி, மேஜையில் ஏறி, அவள் முகத்தில் வந்து நின்றது.

"ஏன் அங்க ஏறி நிக்கிற? தண்ணிதான் இல்லையே!"

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. ஒரு குமிழி வந்தது. டார்ச் வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு, அவள் கைகளின் ஓரமாக, குழந்தையின் பாதங்களைத் தாண்டி, மெல்ல மேலே போனது.