அடி தெரியாத நீர்

காலை ஐந்தரை மணிக்குக் கனிஷ்கா குளத்துக்கு இறங்கி வந்தபோது, நீரின் தெளிவைப் பார்க்க அடியில் பதித்திருந்த கருப்பு வட்டு தெரியவில்லை. முந்தைய நாள் மாலையே நீர் லேசாக மங்கித்தான் இருந்தது. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துப் போய்விட்டாள். இப்போது குளம் முழுக்கக் கீரை வேகவைத்த தண்ணீர் போலப் பச்சையாக நின்றது. சுவரோரம் கையை விட்டுத் தடவினாள். வழுக்கியது.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கும் நெய்தல் குடியிருப்புக்கு அவள்தான் நீர்க்காப்பாளர். ஐம்பத்திரண்டு வீடுகள், நூற்று எண்பது பேர். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முடியும்வரை, பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை ஊருக்கு மின்சாரம் கிடையாது. அந்த ஐந்து மணி நேரமும் எல்லோரும் அமிழ்குளத்தில் மிதவைகளில் சாய்ந்து கழுத்தளவு நீரில் கிடப்பார்கள். மண்ணுக்கடியில் ஓடும் குளிர்குழாய்கள் நீரை இருபத்தாறு டிகிரியில் வைத்திருக்கும். சுவரில் பதித்த நீர்க்கண்கள் என்ற கேமராக்கள் உள்ளே கிடப்பவர்களைக் காவல் காக்கும். யாராவது மயங்கி மூழ்கினால் பத்தே நொடியில் சங்கு ஊதும். அதனால் அமிழ்நேரத்தில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். பக்கத்தில் கிடப்பவரின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

நீர்க்கண்ணுக்குத் தெளிந்த நீர் வேண்டும். கலங்கல் அளவு இரண்டைத் தாண்டினால் குளத்தின் கதவு தானாகப் பூட்டிக்கொண்டு, காப்பாளரை மட்டும் உள்ளே விடும். கனிஷ்கா அளவியை நீரில் நனைத்தாள். முப்பத்தெட்டு. கதவின் மேலிருந்த விளக்கு சிவப்பாக எரிந்தது.

"குளோரின் எவ்வளவு?" என்று குளத்தின் கணினியான நீர்மதியைக் கேட்டாள்.

"ஐந்து. போதுமான அளவு. பிஎச் எட்டு புள்ளி மூன்று. புழுதிக் காற்றால் கலங்கியிருக்கலாம்" என்றது அது.

குளோரின் போதுமானது என்றால் பாசி எப்படி வந்தது?  கதவருகே ஓடிய வானிலை வரியைப் பார்த்தாள். காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரவெப்பம் இன்று முப்பத்தொன்று டிகிரி. நாளை முப்பத்தைந்து.

முப்பத்தொன்றை நனைத்த துணியோடு வீட்டுக்குள் படுத்துச் சமாளித்துவிடலாம். முப்பத்தைந்தில் முடியாது. வியர்வை வழியும், ஆனால் காற்றில் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நல்ல திடகாத்திரமான ஆளே நிழலில் உட்கார்ந்தபடி சில மணி நேரத்தில் சாவார். அக்கம்பக்கத்துக் குளங்களைக் கேட்டாள். எல்லாவற்றிலும் ஆள் நிரம்பியிருந்தது.

பம்புக் கொட்டகையின் மேல்தட்டிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தாள். அதன் அடியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். சோதனை மருந்து கலந்த குளத்து நீரைப் புள்ளி மறையும்வரை ஊற்ற வேண்டும். நீர் எவ்வளவு சீக்கிரம் புள்ளியை மறைக்கிறதோ, அவ்வளவு நிலைப்பான் அதில் இருக்கிறது என்று பொருள். இரண்டு விரற்கடை ஊற்றுவதற்குள் புள்ளி காணாமல் போனது. ஐம்பதுக்குள் இருக்க வேண்டிய அளவு இருநூறைத் தாண்டியிருந்தது. 

வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் காக்கிற பொருள்தான் நிலைப்பான். அளவோடு இருந்தால் துணை. மிஞ்சினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். அளவியில் குளோரின் தெரியும், ஆனால் ஒரு பாசியைக்கூடக் கொல்லாது. குளோரின் வில்லைகள் ஒவ்வொன்றும் கரையும்போது கொஞ்சம் நிலைப்பானை விட்டுச் செல்லும். திரவக் குளோரினில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தக் கேன்களைத் தூக்க அவளுடைய வலது தோள் இடம் தரவில்லை. இரண்டு வருஷமாக வில்லைகளையே போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் குழாயைக் கடைசியாக எப்போது எடுத்தாள் என்பதுகூட நினைவில்லை. நிலைப்பானை எந்த மருந்தும் நீக்காது. நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் விடுவது ஒன்றே வழி.

ஏழு மணிக்கு எல்லோரையும் கீழ்த்தளத்தில் கூட்டினாள். முன்வரிசையில் ருத்விக் நின்றார். அறுபது வயதை நெருங்கிய அவர்தான் குடியிருப்பின் பிரதிநிதி. கதவைக் கையால் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று காப்பாளரிடம் இருக்கும், இன்னொன்று பிரதிநிதியிடம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், வேறு ஊரில் ஒரு கலங்கிய குளத்தில் அவருடைய மகள் நிலானி மூழ்கிப்போனாள். அதன்பின் வீடு வீடாக, ஊர் ஊராக அலைந்து, கலங்கிய குளம் திறக்கக்கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் மட்டும் குளத்தில் இறங்குவதில்லை. அமிழ்நேரத்தில் கரையில் ஈரப்போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"புழுதின்னு நீர்மதி சொல்லுதே?" என்றார் ருத்விக்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

"புழுதி இல்லண்ணே. என் தப்பு" என்றாள் கனிஷ்கா. வில்லைகளைப் பற்றியும், தோளைப் பற்றியும், எடுக்காத குழாயைப் பற்றியும் சொல்லி முடித்தாள். "நாலுல மூணு பங்கு தண்ணிய இப்பவே கடலுக்கு விட்டாவணும். அப்புறம் உங்க வீட்டுத் தொட்டித் தண்ணி வேணும். வீட்டுக்கு ஆயிரம் லிட்டர். எல்லாம்."

கூட்டம் சட்டென்று இரைந்தது. தொட்டி நீர் அடுத்த வாரம் லாரி வரும்வரை குடிக்க வைத்திருந்தது.

"அதையும் ஊத்திட்டு, நாளைக்கிக் குளமும் தெளியலன்னா?" என்று மகிழினி கேட்டாள். இரண்டாம் தளத்தில் இருப்பவள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை இருந்தது. "மேல ஊத்திக்கக்கூட வீட்ல ஒரு சொம்புத் தண்ணி இருக்காதேக்கா."

"ஆளுக்கு ரெண்டு பாட்டில் புடிச்சு வெச்சுக்கங்க. மிச்சத்தக் குடுங்க. இத விட்டா வேற வழி எனக்குத் தெரியல."

ருத்விக் ஓரடி முன்னால் வந்தார். "என் தொட்டிய நான் மொதல்ல தொறந்து விடறேன். ஆனா தண்ணி தெளிஞ்சாதான் கதவு. நீ நாளைக்கி வந்து என்கிட்ட சாவி கேக்கக்கூடாது" என்றார்.

"சரிண்ணே."

ஒன்றரை லட்சம் லிட்டர் நீர் வடிகாலில் இறங்கிக் கடலுக்கு ஓடுவதை, மாடிகளில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். நாற்பத்தேழு வீடுகள் தொட்டியைத் திறந்தன. ஐந்து வீடுகள் திறக்கவில்லை. யாரென்று கனிஷ்கா கேட்கவில்லை. முன்பு கழுத்தளவு நின்ற நீர் இப்போது இரண்டடிதான் இருந்தது. உட்கார்ந்தால் தோள் நனையும். அது போதும்.

முதலில் அமிலம். பிஎச் ஏழு புள்ளி இரண்டுக்கு இறங்கினால்தான் குளோரினுக்கு வேகம் வரும். அமிலத்தையும் குளோரினையும் அடுத்தடுத்து ஊற்றினால் கிளம்பும் புகை ஆளையே கொன்றுவிடும் என்பதால், இடையில் ஒரு மணி நேரம் பம்பை ஓடவிட்டாள். பிறகு திரவக் குளோரின் கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கவிழ்த்தாள். ஏழாவது கேனில் தோள் இறங்கிப் போனது. இடது கையால் இழுத்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை. ஈரத்துணிக்கடியில் அவரவர் வீட்டில் படுத்துக்கிடந்தார்கள். அவளும் அவர்களிடம் கேட்கவில்லை.

பொழுது சாயும்போது பச்சை செத்துச் சாம்பல் நிறமானது. பாசி செத்துவிட்டது, ஆனால் அதன் பொடி நீரெங்கும் மிதந்தது. படிகாரம் கரைத்து ஊற்றிப் பம்பை நிறுத்தினாள். மறுநாள் விடிந்தபோது பொடி திரண்டு, தயிர்போல அடியில் படிந்திருந்தது. உறிஞ்சுகுழாயை அங்குலம் அங்குலமாக நகர்த்தி அதை வெளியே எடுத்துவிட்டு, மீண்டும் வடிகட்டியை ஓட்டினாள். குளோரின் உடம்பு தாங்கும் அளவுக்கு இறங்கியிருந்தது. கலங்கல் மட்டும் பத்து மணிக்கு ஆறு. பத்தரைக்கு ஐந்து. பதினொன்றுக்கு நான்கு.

மின்சாரம் நின்றது. குளத்தின் பம்பு மட்டும் மின்கலத்தில் ஓடியது. நூற்றெழுபத்தெட்டுப் பேர் கதவுக்கு வெளியே, கொதிக்கும் நடைபாதையில் நின்றார்கள். கதவருகே ருத்விக் சாவியைக் கைக்குள் மூடிப் பிடித்திருந்தார்.

"அண்ணே, சாவி" என்றாள் கனிஷ்கா.

"எவ்ளோ?"

"நாலு."

"ரெண்டு வரணும்."

"இன்னும் மூணு மணி நேரம் ஓடுனா வந்துரும். அதுவரைக்கும் இவங்க தாங்க மாட்டாங்க."

"கையால தொறந்தா நீர்க்கண் நின்னுரும். தெரியும்ல?"

"தெரியும்ணே."

"என் பொண்ணு இருபத்திரண்டு நிமிஷம் அடியில கெடந்தா. சுத்தித் தொண்ணூறு பேரு. ஒருத்தர் காலுகூட அவ மேல படல." அவர் குரல் உயரவே இல்லை. "சாவி கேக்கமாட்டேன்னு சொன்னியே கனிஷ்கா."

"சொன்னேன். வார்த்தை தவறிட்டேன். அன்னிக்கு அஞ்சடித் தண்ணி, இது ரெண்டடி. நீர்க்கண் பாக்காது. நாம பாப்போம்."

"அன்னிக்கும் அப்படித்தான் எல்லாரும் நெனச்சிருப்பாங்க. அடுத்தவன் பாப்பான்னு."

பின்னாலிருந்து மகிழினி தள்ளிக்கொண்டு வந்தாள். "அண்ணே, கொழந்த அழுவ மாட்டேங்குதுண்ணே. கொஞ்ச நேரமாவே அழுவல. உடம்பு கொதிக்குது."

ருத்விக் குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்தார். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது. அவருடைய கை அங்கேயே சிறிது நேரம் இருந்தது. பிறகு சாவியைப் பூட்டில் நுழைத்தார். இரண்டாவது சாவியைக் கனிஷ்கா திருகினாள்.

"நானும் எறங்கறேன்" என்றார். "யாரும் படுக்கக்கூடாது. வரிசையா உக்காருங்க. நடுவுல எனக்கு வழி விடுங்க."

நீர் மோர் போல வெளுத்திருந்தது. இறங்கியவர்களின் முழங்கால் அவர்களுக்கே தெரியவில்லை. மகிழினி குழந்தையை மார்புவரை நனைத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து அது வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள்.

கனிஷ்கா வரிசையாக எல்லோருக்கும் எண் கொடுத்தாள். கடைசி எண்ணாக ருத்விக்குக்கு நூற்றெழுபத்தொன்பது. பிறகு படியில் நீருக்குள் உட்கார்ந்துகொண்டு உரக்க ஒவ்வோர் எண்ணாக அழைத்தாள். அழைக்கப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும். சுற்று முடிந்ததும் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். ருத்விக் வரிசைகளுக்கு நடுவே பாதங்களைத் தரையோடு தேய்த்தபடி நடந்தார். ஒரு நடை போய், ஒரு நடை வந்து, ஒருமுறைகூட நிற்காமல் நடந்தார்.

பன்னிரண்டானது. ஒன்றானது. வெளியே காற்று அசையவில்லை. பதில்கள் தூக்கக் கலக்கத்தில் வந்தன. பதில் தாமதமானால் பக்கத்திலிருப்பவர் உலுக்கினார். "அம்பத்தாறு, உங்க பேரு என்னங்க?" என்று யாரோ யாரையோ கேட்டார்கள். நான்கு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவர்கள் அவர்கள்.

கனிஷ்கா முப்பத்து மூன்று மணி நேரமாகத் தூங்கவில்லை. தன் பங்கு இரண்டு பாட்டிலையும் காலையில் முதல் தளத்து முதியவரிடம் கொடுத்திருந்தாள். "தொண்ணூத்தி நாலு" என்று அழைத்தது நினைவிருந்தது. "இருக்கேன்" என்ற பதிலும் நினைவிருந்தது. அடுத்த எண் என்ன என்று யோசித்தாள். நீர் மெத்தென்று குளிர்ந்திருந்தது.

கண் விழித்தபோது கரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். மூக்கிலும் வாயிலும் நீர் வழிந்தது. இருமி இருமி நெஞ்சு வலித்தது. ருத்விக் அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். யாரோ பாட்டிலை அவள் உதட்டில் வைத்தார்கள்.

"எத்தன நிமிஷம்?" என்றாள்.

"ஒண்ணுகூட ஆவல."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. படியிலேருந்து சரிஞ்சு உள்ள போயிட்ட. ஒனக்கு நீ எண்ணே வெச்சுக்கல." மூச்சு வாங்கியது அவருக்கு. "தொண்ணூத்தஞ்சுன்னு நீ கூப்பிடுவேன்னு எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம். கூப்பிடல. அத்தன பேரும் ஒரே நேரத்துல படிப் பக்கம் திரும்பினாங்க. நான் ஓடியாந்து காலால தேடினேன். கால்ல பட்ட."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

"அந்தக் குளத்துல யாருமே பேசிக்கல, கனிஷ்கா. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு அமைதியாக் கெடந்தாங்க. அவ சத்தம் நின்னது எப்படித் தெரியும்?"

இரண்டே முக்காலுக்குக் கதவு விளக்கு பச்சைக்கு மாறியது. "கலங்கல் ஒன்று புள்ளி ஒன்பது. நீர்க்கண்கள் இயங்குகின்றன. அனைவரும் ஓய்வெடுக்கலாம்" என்றது நீர்மதி.

சிலர் தலையைப் பின்னால் சாய்த்தார்கள். ஆனால் மகிழினி, உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி, கனிஷ்கா விட்ட இடத்திலிருந்து எண்களை அழைத்துக்கொண்டுதான் இருந்தாள். நூற்றெழுபத்தெட்டு வந்தது. நூற்றெழுபத்தொன்பதுக்கு ருத்விக் கரையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"நூத்தியெண்பது?" என்றாள் மகிழினி.

யாரும் பதில் சொல்லவில்லை. குளம் முழுக்கக் காத்திருந்தது. அழைத்தது தன்னைத்தான் என்று கனிஷ்காவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.